பயன் காணாது மறைந்த இருவர்

1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் காலமானார். மூன்று திங்கள் கழிவதற்குள், மே 19-ஆம் நாள், ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்னும் ஊரில் ஜாம்ஷெட்ஜி டாட்டா காலமானார். முன்னவர் மருத்துவர், பின்னவர் வணிகர். ஒருவர் வங்காளத்தார், மற்றவர் குஜராத்தில் பிறந்த பார்சி. எனினும் இருவருக்கும் ஒரு வேட்கை பொதுவாக இருந்தது. இந்நாட்டு மக்கள் அறிவியலைப் பிறர் வாயிலிருந்து கேட்டுக்கொள்வதோடு நில்லாமல், தாமே அதனை ஆக்குவோராதல் வேண்டும் என்பதே அவ்வேட்கை. மறைந்த நாளில் இருவர் கையிலும் அதன் பயன் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஒருவர் நிறுவிய ஆய்வுக்கூடம் ஆய்வாளர் இன்றிக் கிடந்தது. மற்றவர் கருதிய நிறுவனத்திற்கு அடிக்கல்லும் நாட்டப்படவில்லை.

அதே 1904-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பதினைந்து வயதினரான மாணவர் ஒருவர் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். பின்னாளில் மகேந்திரலாலின் ஆய்வுக்கூடத்திற்கு உயிரூட்டியவரும், டாட்டா கருதிய நிறுவனத்திற்கு முதல் இந்திய இயக்குநரானவரும் அம்மாணவரே. அவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன்.

இம்மூவரின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, வணிகம், தொழில்நுட்பம், கல்வி, மனித வாழ்வு என நாம் தனித்தனியே பேசும் நான்கும் எவ்விடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது புலனாகின்றது.

பௌபஜார் தெருவில் ஒரு வீடு

மகேந்திரலால் 1833-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ஹௌராவை அடுத்த பைக்பாடா என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்து, கல்கத்தாவில் தாய்மாமன்மார் ஆதரவில் வளர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றவர்களுள் அவர் இரண்டாமவர். ஆங்கில மருத்துவத்தில் பெரும்புகழும் பெரும்பொருளும் அவருக்காகக் காத்திருந்தன. ஆனால் 1867-இல் மருத்துவர் அவையிலேயே எழுந்து, ஓமியோபதி முறையில் தமக்கு நம்பிக்கை பிறந்துவிட்டதென வெளிப்படையாக அறிவித்தார். உடன் தொழில் செய்வோர் அவரை ஒதுக்கினர், நோயாளரும் குறைந்தனர். அம்மருத்துவ முறையின் சிறப்புக் குறைவுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமக்கு உண்மையெனப் பட்டதை இழப்புக்கு அஞ்சாமல் சொல்லும் இயல்பினர் அவர் என்பதே நாம் கருதத்தக்கது.

1869-இல் தாம் நடத்திய மருத்துவ இதழில், இந்நாட்டவர் அறிவியலை வளர்ப்பதற்கென்று ஒரு தேசிய நிலையம் வேண்டுமென அவர் எழுதினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதற்கான அறிக்கை வெளியாயிற்று. பின்னர்ப் பணம் திரட்டும் படலம் தொடங்கிற்று. மன்னர், நிலக்கிழார், வழக்கறிஞர், வணிகர் எனப் பலர் வாயிலையும் அவர் அணுகினார். ஆண்டுகள் ஆறு உருண்டோடின. 1876-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், பௌபஜார் தெருவில் 210-ஆம் எண்ணுடைய வீட்டில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் ஆட்சி முற்றிலும் இந்தியர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அரசின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை. அரசின் கடிவாளத்தை மறுத்தார்.

கைவினைஞரா, அறிவியலாரா?

கழகம் தோன்றும் தறுவாயில் ஒரு பெரும் வாதம் எழுந்தது. நூறாண்டுகளுக்கு மேலான பின்னும் நம் வீட்டு முற்றங்களில் தொடர்ந்து நடப்பது அவ்வாதம். இந்தியன் லீக் என்னும் அமைப்பைச் சார்ந்தோர், ஏழை நாட்டிற்கு வேண்டியது தூய அறிவியல் அன்று, தொழிற்கல்வியே என்றனர். நெய்யவும் வார்க்கவும் பொறிகளை இயக்கவும் கற்றவனுக்கு உடனே பிழைப்பு உண்டு. ஒளியின் இயல்பையும் ஒலியின் இயல்பையும் ஆராய்பவனுக்கு யார் சோறிடுவார் என்பது அவர்கள் வினா. இஃது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. பஞ்சமும் வறுமையும் நாட்டை வாட்டிய காலம் அது.

மகேந்திரலாலுக்குத் துணையாக நின்றவர் தூய சவேரியார் கல்லூரியின் பாதிரியார் லபோன். பெல்ஜிய நாட்டவராகிய அவர் அறிவியற் சொற்பொழிவுகளால் கல்கத்தா மக்களைக் கவர்ந்தவர். தொழிற்கல்வி மட்டும் தந்தால் இந்தியர் என்றென்றும் ஐரோப்பியரின் மேற்பார்வையில் வேலை செய்யும் கைவினைஞராகவே இருப்பர். அம்மேற்பார்வையிலிருந்து அவர்களை விடுவிப்பதே சர்க்காரின் நோக்கம் என்னும் பொருள்பட அவர் வாதிட்டார். பொறியை இயக்கத் தெரிந்தவன் அப்பொறியைச் செய்தவனுக்கு அடிமை. பொறி ஏன் இயங்குகிறது என்பதை அறிந்தவனே தனக்கென ஒரு பொறியைச் செய்வான் என்று அவ்வாதத்தை நாம் சுருக்கிக் கொள்ளலாம். வங்கத்தின் துணைநிலை ஆளுநர் சர் ரிச்சர்டு டெம்பிளின் ஆதரவும் சேரவே, கழகம் மகேந்திரலாலின் கருத்துப்படியே அமைந்தது.

வாதத்தில் வென்றார், வாழ்வில் வென்றாரா? மாலை வேளைகளில் சொற்பொழிவுகள் நடந்தன. மகேந்திரலாலும் லபோனும் பேசினர். ஜகதீச சந்திர போஸ் போன்றோரும் அங்கு விரிவுரை ஆற்றினர். அசுதோஷ் முகர்ஜி கணிதம் பற்றிப் பேசினார். ஆந்திரத்து விஜயநகரம் மன்னர் அளித்த நன்கொடையால் ஓர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. கேட்போர் வந்தனர், கேட்டுவிட்டுத் தத்தம் வீடு திரும்பினர். அங்கேயே தங்கி ஆய்வு செய்வார் எவருமிலர். ஆய்வாளருக்கு ஊதியம் தரும் அளவிற்குக் கழகத்திடம் பொருள் இல்லை. ஊதியமின்றி ஆய்வு செய்யத்தக்க நிலையில் படித்த இளைஞரும் இல்லை. தம் முயற்சி பலிக்கவில்லையே என்னும் ஏக்கம் இறுதி நாள்களில் அவரை வாட்டியது. அந்த ஏக்கத்தோடேயே அவர் கண் மூடினார்.

நவ்சாரி தந்த வணிகர்

ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் வாழ்க்கை இதனின் வேறான பாதையிற் சென்றது. 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் நவ்சாரியிற் பிறந்து, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, தந்தையின் வணிகத்தில் புகுந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஏறிய பருத்தி விலை, 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது. பம்பாயில் பல வணிக நிலையங்கள் கவிழ்ந்தன. டாட்டா குடும்பமும் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. 1868-இல் அபிசீனியாவின் மீது படையெடுத்த ஆங்கிலப் படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் பங்கு பெற்றே அக்குடும்பம் மீண்டும் தலையெடுத்தது. செல்வத்தின் ஊற்றுக்கண் எப்போதும் பளிங்குபோல் தூயதாக இருப்பதில்லை என்பதை வரலாறு மறைப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்பதோடு, எங்கே பாய்ந்தது என்பதையும் சேர்த்தே ஒருவர் செல்வத்தை எடைபோடல் வேண்டும்.

1877-ஆம் ஆண்டு முதல் நாளன்று நாகபுரியில் அவருடைய எம்பிரஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. பருத்தி விளையும் இடத்திலேயே ஆலை, புதுவகைக் கதிர்களைச் சோதித்துப் பார்க்கும் துணிவு, தொழிலாளர்க்கு ஓய்வூதிய நிதி என அக்காலத்தில் அரியனவற்றை அவர் செய்தார். 1892-இல் உயர்கல்விக்காக வெளிநாடு செல்லும் மாணவர்க்குப் பணம் தரும் நிதியம் ஒன்றை ஏற்படுத்தினார். அது தானம் அன்று, கடன். பெற்றவர் பொருளீட்டத் தொடங்கியபின் திருப்பித் தருதல் வேண்டும். அப்பணம் அடுத்த மாணவருக்குச் செல்லும். ஒருவர் கற்ற கல்வி இன்னொருவர் கல்விக்கு முதலாகும் இம்முறையில் வணிகரின் நுட்பமும் அறவோரின் நெஞ்சமும் ஒன்றாயின. கேரளத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்து, 1997-இல் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் படிக்கச் சென்றது அந்நிதியத்தின் உதவியாலேயே.

டாட்டா உள்ளத்தில் நான்கு பெருந்திட்டங்கள் இருந்தன. இந்திய இரும்பைக் கொண்டு இந்தியாவிலேயே எஃகு ஆக்கும் ஆலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரிலிருந்து மின்சாரம், உயர் ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம், பம்பாய்க் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல் என்பன அவை. இவற்றுள் அவர் கண்ணாற் கண்டது 1903 டிசம்பரில் திறக்கப்பெற்ற தாஜ்மகால் ஓட்டல் ஒன்றையே. சாக்சியில் எஃகு வார்க்கப்பட்டது 1912-இல். மலைநீர் மின்சாரமாகி ஓடியது 1915-இல். விரைவில் பயன் தருவது விரைவில் முடிந்தது. நெடிது நிற்பன நெடிது காத்திருந்தன.

கோப்பில் கழிந்த ஆண்டுகள்

ஆராய்ச்சி நிறுவனத்தின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1893-இல் ஜப்பானிலிருந்து அமெரிக்கக் கண்டத்திற்குச் சென்ற கப்பலில் டாட்டாவும் சுவாமி விவேகானந்தரும் உடன் பயணம் செய்தனர். சென்னை அன்பர்கள் வீடுதோறும் சென்று திரட்டிய பொருளும் சேர்ந்தே சுவாமிகளைச் சிகாகோவுக்கு அனுப்பியது என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஐந்தாண்டு கழித்து, 1898 நவம்பர் 23-ஆம் நாள் டாட்டா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்நாட்டில் ஊறியுள்ள துறவுணர்வை அறிவியல் வளர்ச்சியின்பால் திருப்புதல் கூடாதா என்பதே அதன் சாரம். வணிகர் ஒருவர் துறவியிடம் துறவின் புதியதொரு பயனைப் பற்றிப் பேசுகின்றார்! ஆராய்ச்சி என்பது ஊதியத்தை முன்னிட்டுச் செய்யும் தொழிலன்று; எளிய வாழ்வும் நீண்ட பொறுமையும் வேண்டும் நோன்பு என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தார்.

அந்நிறுவனத்திற்காக அவர் அளிக்க முன்வந்தது பம்பாயிலிருந்த கட்டடங்களும் நிலங்களும். அக்கால மதிப்பில் அவை முப்பது இலட்சம் ரூபாய் பெறும். ஆண்டுக்கு ஒன்றேகால் இலட்சம் ரூபாய் வருவாய் தரும். 1898 டிசம்பர் இறுதியில் பம்பாயில் வந்திறங்கிய வைசிராய் கர்சன் பிரபுவிடம், மறுநாளே இத்திட்டம் வைக்கப்பட்டது. வைசிராயின் ஐயங்கள் இரண்டு. இவ்வளவு உயர்ந்த படிப்பிற்குத் தகுதியான மாணவர் கிடைப்பரா? படித்து வெளிவந்தால் அவர்களுக்கு வேலை எங்கே?

கோப்புகளோடே நாளைக் கழிக்கும் என் போன்ற எழுத்தர்களுக்கு, பின்னர் நடந்தது வியப்பளிக்காது. 1900-இல் லண்டனிலிருந்து பேராசிரியர் வில்லியம் ராம்சே வந்து, பல ஊர்களைப் பார்வையிட்டுப் பெங்களூரைப் பரிந்துரைத்தார். அவ்வறிக்கையை ஆராய வேறொரு குழு அமைந்தது. செலவு மிகுதி என்றனர். துறைகளைக் குறைக்கச் சொன்னார்கள். குறிப்புகளும் மறுகுறிப்புகளுமாகக் கோப்பு தடித்தது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் மானியமும் வழங்க முன்வந்தது. கொடுக்க ஒருவர் நிற்கிறார், நிலம் தர ஓர் அரசு நிற்கிறது, ஆயினும் இசைவு வரவில்லை. 1904-இல் கொடையாளர் மறைந்தார். அவர் புதல்வர்கள் தந்தையின் சொல்லைக் காத்து, சொத்தை மீட்டுக்கொள்ளாமல் நின்றனர். 1909 மே 27-ஆம் நாளன்றே நிறுவனத்தை அமைக்கும் ஆணை பிறந்தது. 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். கோப்பு நடந்த காலம் பத்தாண்டுக்கும் மேல்.

நிறுவனத்திற்குத் தம் பெயரை இடுதல் வேண்டும் என்று டாட்டா கேட்கவில்லை. அதன் பெயர் இந்திய அறிவியல் நிறுவனம் என்பதே. ஆயினும் பெங்களூர் மக்கள் அதனை டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே அழைத்து வந்தனர். கேட்டுப் பெறாத பெயர் மக்கள் நாவில் தானே ஏறிக்கொண்டது.

வைசிராயின் வினாக்களுக்கு விடை சில ஆண்டுகளிலேயே கிடைத்தது. முதல் உலகப்போரின்போது, ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டிய மைசூர்ச் சந்தனக் கட்டைகள் விலைபோகாமல் தேங்கின. அவற்றிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையை இந்நிறுவனத்து வேதியியலார் வகுத்துத் தந்தனர். 1916-இல் எண்ணெய் ஆலை தோன்றியது. அதன் வழியே மைசூர்ச் சந்தன சோப்பு பிறந்தது. நம் இல்லங்களில் எத்தனையோ தலைமுறையாகப் புழங்கும் அந்தச் சோப்புக்கட்டியில், முப்பது இலட்சம் கொடுத்துவிட்டுப் பயன் காணாமல் மறைந்த ஒருவரின் கனவும் கரைந்திருக்கிறது.

கணக்கு அலுவலர் கண்ட பெயர்ப்பலகை

இனி மூன்றாமவரைக் காண்போம். ராமனின் தந்தையார் சந்திரசேகர ஐயர் பிழைப்பின் பொருட்டுத் திருச்சிராப்பள்ளியை விட்டு விசாகப்பட்டினம் சென்று, அங்கொரு கல்லூரியில் விரிவுரையாளராக அமர்ந்தார். ஆகவே ராமனும் நம் பிள்ளைகளைப் போல், வீட்டில் தமிழும் தெருவில் வேற்றுமொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளையே. சென்னையில் எம்.ஏ. முடித்த காலத்தில், அறிவியலையே நம்பி வாழ இந்நாட்டில் வழியில்லை. இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. எனவே 1907-இல் அரசின் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றார். மனைவி லோகசுந்தரியோடு பௌபஜார்ப் பகுதியில் குடியேறினார். வயது பதினெட்டு.

அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் ஒருநாள் டிராம் வண்டியிலிருந்து 210-ஆம் எண் வீட்டின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசு பாபு எனப்பட்ட அசுதோஷ் தே, கழகத்தின் ஊழியர். மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் அப்போது கழகத்தின் செயலாளர். தந்தை எதிர்பார்த்துக் காணாமற்போன மனிதர் இவரே என்றெண்ணி வரவேற்றார். தூசு படிந்த கருவிகள் துடைக்கப்பட்டன. அன்று முதல் விடியலில் ஆய்வுக்கூடம், பகலில் அரசுக் கணக்கு, மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம் என்பது ராமனின் வாழ்க்கை ஆயிற்று. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி, மீண்டும் கல்கத்தா வந்தபோதும் அந்நோன்பு தவறவில்லை.

பத்தாண்டு இவ்வாறு கழிந்தது. கழகத்தில் அந்நாளில் கணிதம் பேசிய அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து, வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் அளித்த கொடையில் அமைந்த பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க விழைந்தார். அரசுப் பணியின் ஊதியத்தில் அது ஏறத்தாழப் பாதியே. ஓய்வூதியமும் பதவி உயர்வும் உறுதியாயிருந்த வேலையை விட்டு, 1917-இல் ராமன் அப்பதவியை ஏற்றார். சம்பளப் பட்டியலையும் அகவிலைப்படியையும் விரல்நுனியில் வைத்திருக்கும் நம்மவர்க்கு, அம்முடிவின் கனம் சொல்லாமலே விளங்கும்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், மகேந்திரலாலின் அந்த வீட்டில், அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. உடனிருந்து உழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். செய்தி எளியது. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்தின் வழியே செலுத்தினால், சிதறும் ஒளி பெரும்பாலும் அதே நிறமாக இருக்கும். கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலான மிகச்சிறு கூறு மட்டும் நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றம் அத்திரவத்தின் மூலக்கூறு எத்தகையது என்பதை உணர்த்தும். இதனைக் காணப் பெருஞ்செலவிலான பொறிகள் தேவைப்படவில்லை. முதற் சோதனைகளில் ஒளி தந்தது கதிரவன். அதனைக் குவித்தது தொலைநோக்கி ஒன்றின் கண்ணாடி. நிறத்தைப் பிரித்தன வண்ண வடிகட்டிகள். 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1933-இல் ராமன் பெங்களூர் சென்று, டாட்டாவின் நிறுவனத்திற்கு இயக்குநரானார். 1904-இல் தனித்தனியே அறுந்ததாகத் தோன்றிய இரண்டு இழைகளும் ஒரு தமிழர் கையில் வந்து முடிச்சிட்டன.

வேலியிட்ட நிழல்

இவ்வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டுமே எழுதி முடித்தல் நேர்மையாகாது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் என்னும் பெண் பெங்களூர் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். அவர் தந்தை அந்நிறுவனத்திலேயே தொடக்கக் காலத்தில் பயின்ற வேதியியலார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுத்தவர் இயக்குநர் ராமன். காரணம் விண்ணப்பித்தவர் பெண் என்பதே. கமலா நேரிற் சென்று வாதாடினார். இறுதியில், ஓராண்டு அவர் பணியைப் பார்த்த பின்னரே முறையாக ஏற்பது முதலிய நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டார். தம் உழைப்பால் அந்நிபந்தனைகளைப் பொருளற்றவை ஆக்கினார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று உலகம் அறிவது அவரையே.

திறந்த கதவினுள் ஒருநாள் நுழைந்து வாழ்வு பெற்றவர், பின்னொரு நாள் மற்றொருவர்க்குக் கதவை அடைக்க முற்பட்டார். பெருமக்களிடத்தும் இத்தகைய குறை நேரும் என்றால், எளியவராகிய நாம் நம் வீட்டு வாயிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நலம். மகனுக்கு வெளியூர்க் கல்லூரி, மகளுக்கு உள்ளூர்ப் படிப்பு என நாம் போடும் கணக்குகளும் அவ்வகையான வேலிகளே.

ஆண்டுக் கணக்கும் அறிவுக் கணக்கும்

அரசு அலுவலகத்தில் கணக்கு மார்ச் 31-ஆம் நாள் முடியும். அவ்வாண்டில் செலவிட்டதற்கு அவ்வாண்டிலேயே பயன் காட்டுதல் வேண்டும். செலவழியாத தொகையைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். வணிகரும் ஆண்டுதோறும் ஐந்தொகை போடுகின்றனர். அம்முறை தவறன்று. ஆனால் அறிவின் கணக்கு அவ்வேட்டிற்குள் அடங்குவதில்லை. 1904-ஆம் ஆண்டு மார்ச் 31-இல் மகேந்திரலாலின் கழகத்தை ஒரு தணிக்கையாளர் ஆய்ந்திருந்தால், இருபத்தெட்டு ஆண்டுச் செலவுக்குத் தக்க பயன் ஏதுமில்லை என்றே எழுதியிருப்பார். அவர் எழுதியது அன்றைக்கு உண்மையாகவும் இருந்திருக்கும். அடுத்த இருபத்து நான்காம் ஆண்டில் அவ்வீட்டிலிருந்து புறப்பட்ட ஒளி உலகைச் சுற்றியது. அதன் பயனும் உடனே முழுதும் வந்துவிடவில்லை. 1960-இல் லேசர் தோன்றிய பின்னரே ராமன் விளைவு ஆய்வுக்கூடங்களில் பெருவழக்காயிற்று. இன்று மருந்தின் தூய்மையையும் மணிக்கல்லின் உண்மையையும் அறிய அது பயன்படுகின்றது. 2021-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்செவெரன்ஸ் ஊர்தியும் அவ்விளைவைக் கொண்டு அங்குள்ள பாறைகளை ஆராய்ந்தது. பௌபஜார் வீட்டில் 1876-இல் தொடங்கிய வரவேடு இன்னும் மூடப்படவில்லை.

ஆயின், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா எனக் கேட்கும் தந்தை தவறு செய்கின்றாரா? இல்லை. ஊரையும் உறவையும் விட்டு, ஒரு சம்பளத்தை நம்பி வடக்கே வந்த குடும்பம் அவ்வினாவைக் கேட்டே தீரும். கர்சன் கேட்டதும் அதே வினாவே. எனினும் கேட்பவர் யார் என்பதில் வேறுபாடு உண்டு. காத்திருக்க இயலாதவன் கேட்டால் அது கவலை. காத்திருக்க வல்லவன் கேட்டால் அது கைவிரிப்பு. மாதச் சம்பளக்காரனால் ஐம்பதாண்டு காத்திருக்க இயலாது. ஓர் அரசால் இயலும், பெருவணிகரால் இயலும். செல்வத்தால் வாங்கக்கூடிய பொருள்களுள் தலைசிறந்தது காலமே. தனக்கு மட்டுமன்றி, காத்திருக்க இயலாத பிறர்க்காகவும் அதனை வாங்கி வைப்பதே வணிகத்தின் உயர்ந்த பயன் என்று தோன்றுகிறது. வள்ளுவர் பேரறிவாளன் செல்வத்தை ஊரார் உண்ணும் நீர்நிலையோடும், நயனுடையான் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த பயன்மரத்தோடும் ஒப்பிட்டதும் இதுபற்றியே போலும். குளம் வெட்டியவன் எவ்வழிப்போக்கன் வந்து குடிப்பான் என எதிர்பார்த்து நிற்பதில்லை.

தொழில்நுட்பம் பற்றியும் இங்கு ஒரு சொல். இன்று நம் பிள்ளைகளுட் பலர் கணிப்பொறித் துறையிற் புகுந்து நல்வாழ்வு பெற்றுள்ளனர், மகிழத்தக்கதே. ஆயினும் ஒரு கருவியை இயக்கும் திறம் அக்கருவி மாறும்போது மாறிவிடும். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுத் தலைநகர் வந்த தலைமுறை அதனைத் தன் வாழ்நாளிலேயே கண்டது. ஒருகாலத்தில் சோறிட்ட அத்தட்டெழுத்துப் பொறி இன்று பழைய சாமான்களோடு கிடக்கிறது. ஏன் என்று கேட்கும் பழக்கம் மட்டும் பழையதாவதில்லை. லபோன் பாதிரியாரின் வாதம் இன்றும் பொருந்துவது அதனாலேயே.

கதவைத் திறப்போர்

நாம் அனைவரும் டாட்டா ஆக இயலாது. மகேந்திரலாலின் மனவுறுதியும் ராமனின் அறிவும் பலர்க்கு வாய்ப்பனவல்ல. ஆயின் இவ்வரலாற்றில் நம் போன்றோர்க்கு இடமில்லையா? உண்டு. அன்று கதவைத் திறந்த ஆசு பாபுவை எண்ணிப் பாருங்கள். பெரும்படிப்பு இல்லாத ஊழியர் அவர். யாரும் வராத ஆண்டுகளிலும் அவ்வீட்டைத் திறந்து வைத்தவர்களுள் ஒருவர். ராமன் வந்தபின் கால் நூற்றாண்டுக்காலம் அவர்க்கு உதவியாளராக உழைத்தார். நீர்ப்பரப்பில் துளி விழும் ஓசையைப் பற்றி 1920-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ராமனின் பெயரோடு அவர் பெயரும் இடம்பெற்றது.

ராமன் 1970 நவம்பர் 21-ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அவர் விருப்பப்படியே, தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் இல்லை. ஒரு மரம் நிற்கிறது. அவரோடு உழைத்த கிருஷ்ணன் 1947 முதல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். பூசாவில் அவ்வாய்வுக்கூடம் அமைந்த சாலை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவ்வழியே செல்லும் தமிழ்க் குடும்பத்தார் பிள்ளைகளுக்கு அப்பெயர்ப்பலகையைச் சுட்டிக்காட்டலாம். டிராம் வண்டியிலிருந்து ஓர் இளைஞர் கண்ட பெயர்ப்பலகை என்னென்ன செய்தது என்பதை நாம் மேலே கண்டோம் அல்லவா?

தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழர் சென்ற நகர்தோறும் சங்கம் அமைத்தனர். சங்கந்தோறும் ஒரு நூலகம் வைத்தனர். பல மாலைகளில் அங்கே நாளிதழ் புரட்டும் முதியவர் ஒருவரன்றி வேறொருவரும் இரார். இதற்கு வாடகையும் மின்கட்டணமும் எதற்கு என்று செயற்குழுவில் எவரேனும் கேட்கவும் கூடும். கேட்பவர் மார்ச் 31-ஆம் நாளின் கணக்கைப் பார்க்கின்றார். அவரைக் குறை கூற வேண்டா. ஆயினும் நாள்தோறும் மாலையில் அக்கதவு திறந்திருத்தல் வேண்டும். யார் வருவார், எப்போது வருவார் என்பதைத் திறந்து வைப்பவர் அறியமாட்டார். அறிந்துகொள்ளும் வரை உயிரோடு இருக்கவும் மாட்டார். கதவு திறந்திருந்தது என்பதே அவர் செய்த தொண்டு.